அட்டை இல்லாமல் ஆர்ப்பாட்டத்தைப் பதிவு செய்யலாமா?

கேள்வி: நாங்கள் மூன்று பேர் சேர்ந்து ஒரு வலைப்பதிவும் சிறிய யூடியூப் சேனலும் நடத்துகிறோம். அடுத்த மாதம் சென்னை வள்ளுவர் கோட்டம் அருகே, கருத்துரிமையை வலியுறுத்தி எழுத்தாளர்களும் வாசகர்களும் மாணவர்களும் ஆர்ப்பாட்டம் நடத்துகிறார்கள். அதைத் தொடக்கம் முதல் முடிவு வரை பதிவு செய்ய ஆசை. எங்களிடம் பத்திரிகையாளர் அட்டை கிடையாது. போலீஸ் தடுத்தால் என்ன செய்வது? நேரலை போடலாமா? பிறகு வழக்கு வருமா? எங்களில் ஒருவர் அரசுப் பள்ளி ஆசிரியர், அவர் வரலாமா? ஏற்பாட்டாளர்கள், 'வெளியிடும் முன் எங்களிடம் ஒருமுறை காட்டுங்கள்' என்கிறார்கள். சம்மதிக்கலாமா?
— ஒரு வாசகர், தாம்பரம்

பதில்: அட்டையிலிருந்தே தொடங்குவோம். நம் அரசமைப்புச் சட்டத்தில் பத்திரிகைச் சுதந்திரம் என்று தனியாக ஒரு வரி இல்லை. அரசமைப்பு அவையில் இந்தக் கேள்வி எழுந்தபோது, பத்திரிகை நடத்துபவரும் அதன் ஆசிரியரும் குடிமக்கள்தான், எழுதும்போது அவர்கள் தங்கள் கருத்துரிமையைத்தான் பயன்படுத்துகிறார்கள், ஆகவே தனி உரிமை தேவையில்லை என்று அம்பேத்கர் விளக்கினார். கருத்துரிமையைத் தரும் 19(1)(அ) பிரிவு ஒரு நாளிதழ் நிருபருக்கு எவ்வளவு சொந்தமோ, உங்களுக்கும் அவ்வளவு சொந்தம். அரசு தரும் அங்கீகார அட்டை சில அலுவலகங்களுக்குள் நுழையவும் சில சலுகைகளைப் பெறவும் உதவும். பொதுச் சாலையில் நடக்கும் ஆர்ப்பாட்டத்தைப் படம் பிடிக்க அது நிபந்தனை இல்லை.

அட்டை இல்லாததால் வரும் சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. கூட்டத்தைக் கலைக்கும் நேரத்தில், நீங்கள் பார்க்க வந்தவரா பங்கேற்க வந்தவரா என்று பிரித்தறிய போலீஸாருக்கு எந்த அடையாளமும் இருக்காது. அதற்காக இல்லாத பத்திரிகையின் பெயரில் 'பிரஸ்' அட்டை அச்சடித்துக்கொள்ள வேண்டாம். அதுவே தனி வழக்காகிவிடும். ஆதார் அல்லது வாக்காளர் அட்டையையும், சேனலின் பெயர், இணைய முகவரி, உங்கள் படம் அச்சிட்ட ஒரு தாளையும் எடுத்துச் செல்லுங்கள். முழக்கம் எழுதிய சட்டை, பேட்ஜ், கறுப்புத் துணி எதுவும் வேண்டாம். பதாகையைக் கொஞ்ச நேரம் பிடித்துக்கொள்ளச் சொன்னால் மறுத்துவிடுங்கள். கோஷத்துக்கு மறுகோஷம் கொடுக்காதீர்கள். வீடியோவில் உங்கள் குரல்தான் எல்லாவற்றுக்கும் மேலே கேட்கும். இது உங்களுக்குக் கடினம் என்பது தெரியும். கருத்துரிமைக்கான கூட்டத்தைப் பதிவு செய்ய வருபவர் அந்த உரிமையை நேசிப்பவராகத்தான் இருப்பார். அதனால்தான் சொல்கிறேன்: நீங்கள் ஆதரிக்கும் கூட்டத்தைப் பதிவு செய்யும்போதுதான் இரண்டு மடங்கு கறாராக இருக்க வேண்டும். நூறு பேரை ஆயிரம் என்று எழுதினால் அடுத்த நாள் உங்கள் பதிவு மட்டும் கேலிக்குள்ளாகாது, அந்தக் கூட்டமும் சேர்ந்தே கேலிக்குள்ளாகும்.

இப்போதே செய்ய வேண்டிய வேலை, போலீஸ் அனுமதிக் கடிதத்தின் நகலை ஏற்பாட்டாளரிடம் கேட்டு வாங்குவது. சென்னையில் கூட்டங்களும் ஊர்வலங்களும் 1888ஆம் ஆண்டின் சென்னை மாநகரக் காவல் சட்டம் 41ஆம் பிரிவின் கீழ் வருகின்றன. 5 நாள் முன்னதாக விண்ணப்பிக்க வேண்டும். கமிஷனரேட் இல்லாத மாவட்டங்களில் 1861 காவல் சட்டத்தின் 30(2) பிரிவைப் பயன்படுத்துவார்கள். கடிதத்தில் இடம், தொடக்க நேரம், முடிவு நேரம், மைக்செட் நிபந்தனை எல்லாம் இருக்கும். இடத்தைக் கூர்ந்து பாருங்கள். வள்ளுவர் கோட்டம் கேட்டவர்களுக்கு எழும்பூர் ராஜரத்தினம் ஸ்டேடியம் அருகிலோ சிவானந்தா சாலையிலோ இடம் கொடுப்பது உண்டு. முடிவு நேரம் இன்னும் முக்கியம். 1 மணி வரை அனுமதி என்றால் 1.10க்குப் பேசிக்கொண்டிருப்பவரின் கூட்டம் அனுமதி இல்லாத கூட்டமாகப் பார்க்கப்படலாம். அந்த நேரத்தில் நீங்கள் எங்கே நிற்க வேண்டும் என்பதை முன்பே முடிவு செய்துகொள்ளுங்கள்.

முடிந்தால் முந்தின நாள் அதே நேரத்தில் இடத்தைப் போய்ப் பாருங்கள். வெயில் எந்தப் பக்கமிருந்து அடிக்கிறது, மேடை எங்கே வரும், தடுப்பு வேலி எங்கே போடுவார்கள், வெளியேற இரண்டு வழி எவை என்று குறித்துக்கொள்ளுங்கள். ஒரு டீக்கடையோ மருந்துக் கடையோ சந்திப்பு இடமாக இருக்கட்டும்.

மூன்று பேரும் சேர்ந்து கூட்டத்துக்குள் போகக் கூடாது. ஒருவர் கேமரா. ஒருவர் குறிப்பேடு: யார் பேசினார், எத்தனை மணிக்கு, பெயரின் எழுத்து, தலைப்பெழுத்து, பதாகைகளில் உள்ள வாசகம். மூன்றாமவர் வீட்டிலோ அலுவலகத்திலோ மேசையில் இருக்க வேண்டும். வருகிற துண்டுப் படங்களை வாங்கிச் சேமிப்பது, தகவலைச் சரிபார்ப்பது, அரை மணிக்கு ஒருமுறை இருவரிடமும் பேசுவது, பேச்சு வராவிட்டால் வழக்கறிஞரை அழைப்பது எல்லாம் அவர் பொறுப்பு. இந்த மூன்றாவது ஆளை விட்டுவிடுகிற குழுக்கள்தான் பெரும்பாலும் மாட்டிக்கொள்கின்றன. மூன்று பேரும் ஒரே வேனில் ஏற்றப்பட்டால் செய்தி போட யாரும் இருக்க மாட்டார்கள், வீட்டுக்குச் சொல்லவும் ஆள் இருக்காது. வழக்கறிஞர் எண்ணைக் காகிதத்தில் எழுதிச் சட்டைப் பையில் வையுங்கள். போன் கையில் இல்லாதபோதுதான் அது தேவைப்படும். இலவசச் சட்ட உதவி எண் 15100.

கருவி விஷயத்தில், போனே போதும். 1080 தரத்தில், நொடிக்கு 30 பிரேமில் எடுங்கள். நிமிடத்துக்குச் சுமார் 130 எம்பி ஆகும். மூன்று மணி நேரத்துக்கு 24 ஜிபி. 40 ஜிபி காலி இருந்தால் நிம்மதி. 4கே வேண்டாம். இடத்தை அள்ளிக்கொள்வதோடு, சென்னை வெயிலில் போன் சூடேறி கேமரா தானாக நின்றுவிடும். போன் உறையைக் கழற்றிவிடுங்கள், இடைவேளையில் நிழலில் வையுங்கள். 10,000 எம்ஏஎச் பவர்பேங்க் என்று எழுதியிருந்தாலும் இழப்பு போக 6,000 அளவுதான் கிடைக்கும். 5,000 எம்ஏஎச் போனை ஒருமுறை நிரப்பிக் கொஞ்சம் மிஞ்சும். ஆளுக்கு ஒன்று வேண்டும்.

ஒரே ஓட்டமாக ஒரு மணி நேரம் எடுக்காதீர்கள். வீடியோ கோப்பின் அட்டவணைப் பகுதியைப் பெரும்பாலான போன்கள் பதிவை நிறுத்தும்போதுதான் எழுதுகின்றன. இடையில் போன் விழுந்து அணைந்தாலோ யாராவது பிடுங்கினாலோ மொத்தக் கோப்பும் திறக்காமல் போகும். மூன்று நிமிடத் துண்டுகளாக எடுத்தால் இழப்பு கடைசித் துண்டோடு நின்றுவிடும். ஒவ்வொரு துண்டின் தொடக்கத்திலும் தேதி, நேரம், நிற்கும் இடம் மூன்றையும் வாயால் சொல்லிவிடுங்கள்.

படத்தைவிட ஒலிதான் அதிகம் கெடும். பாக்ஸ் ஸ்பீக்கருக்கு நேர் எதிரே நின்றால் போன் மைக் திணறி, குரல் உடைந்து, ஒரு வாக்கியமும் விளங்காது. உடைந்த ஒலியைப் பிறகு எந்த மென்பொருளாலும் முழுதாக மீட்க முடியாது. பக்கவாட்டில் பத்துப் பதினைந்து அடி தள்ளி நில்லுங்கள். இன்னும் நல்ல வழி, கூட்டம் தொடங்குவதற்கு அரை மணி முன்பே மைக்செட்காரரிடம் பேசி மிக்ஸரின் வெளியீட்டிலிருந்து ஒரு ஒயர் வாங்குவது. அது போனின் மைக் துளைக்கு நேராகப் பொருந்தாது. சிக்னல் அதிகமாக வந்து கரகரக்கும். சின்ன ரெக்கார்டர் ஒன்றை இரவல் வாங்கி, ஒலி அளவு உச்சத்தில் மைனஸ் 12 டெசிபலைத் தாண்டாதபடி வையுங்கள். தொடக்கத்தில் ஒரு கைத்தட்டல் படத்திலும் ஒலியிலும் பதிவானால் பிறகு இரண்டையும் பொருத்துவது எளிது. எந்தச் சொல்லைச் சொன்னார் என்பதுதான் நாளை வழக்காகவும் மறுப்பாகவும் வரும், அதனால் ஒலிக்கு இவ்வளவு பாடு.

தலை எண்ணுவதற்கு ஒரு பழைய வழி இருக்கிறது. 1960களில் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் இதழியல் கற்பித்த ஹெர்பர்ட் ஜேக்கப்ஸ், மாணவர் போராட்டங்களை மேலிருந்து பார்த்துக் கட்டம் கட்டி எண்ணினார். தளர்வாக நிற்கும் கூட்டத்தில் ஆளுக்கு 10 சதுர அடி, நெருக்கமான கூட்டத்தில் 4.5 சதுர அடி என்பது அவர் கணக்கு. சாலை அகலம் 40 அடி, கூட்டம் நிற்கும் நீளம் 150 அடி என்றால் 6,000 சதுர அடி. தளர்வாக நின்றால் 600 பேர், நெருங்கி நின்றால் சுமார் 1,300. மேடை, வேலி, வாகனம் அடைத்த இடத்தைக் கழித்துவிடுங்கள். ஒரு மணி நேர இடைவெளியில் இரண்டு முறை கணக்கிட்டு, '11 மணிக்கு எங்கள் கணக்கில் 500 முதல் 600 பேர். ஏற்பாட்டாளர் சொல்வது இவ்வளவு. போலீஸ் தரப்பு சொல்வது இவ்வளவு' என்று மூன்றையும் எழுதுங்கள்.

அடுத்தது முகங்கள். பொது இடத்தில் நிற்பவரைப் படம் எடுக்கச் சட்டத் தடை இல்லை. ஆனால் கல்லூரி மாணவி, ஒப்பந்த ஊழியர், அரசு ஊழியர் ஆகியோருக்கு அந்த ஒரு படம் வேலையையும் படிப்பையும் தொடும். பேச்சாளர்களையும் மேடையையும் தாராளமாக நெருங்கி எடுங்கள். கூட்டத்தைப் பின்னாலிருந்தோ தூரத்திலிருந்தோ எடுங்கள். தனியாக ஒருவர் முகம் தெரிகிற படத்துக்கு, பெயர் போடலாமா, படம் போடலாமா என்று தனித்தனியாகக் கேட்டு, சம்மதத்தைக் கேமராவிலேயே பதியுங்கள். குழந்தைகளின் முகம் வேண்டவே வேண்டாம். மறைக்கும்போது இலேசாக மங்கலாக்குவது போதாது. சட்டை, பை, பக்கத்தில் நிற்பவர் வைத்து ஆளைக் கண்டுபிடித்துவிடுவார்கள். முகத்தின் மேல் முழுக் கறுப்புக் கட்டம் போடுங்கள். படத்தில் ஒட்டியிருக்கும் இருப்பிடத் தகவலையும் நீக்குங்கள். கேமரா அமைப்பில் இருப்பிடத்தை அணைத்துவிட்டே எடுப்பது அதைவிட நல்லது.

இதையெல்லாம் நேரலையில் செய்ய முடியாது. நேரலையைத் தவிர்க்கச் சொல்வதற்கு முதல் காரணம் இதுதான். யாரோ ஒருவர் மைக்கைப் பிடித்து ஒருவரைப் பெயர் சொல்லித் திட்டினால் அது உங்கள் சேனலில் அந்த நொடியே வெளியாகிவிடும். 'நான் சொல்லவில்லை, அவர்தான் சொன்னார்' என்பது அவதூறு வழக்கில் முழுப் பாதுகாப்பு ஆகாது. குற்றங்களையும் தண்டனைகளையும் சொல்லும் பாரதிய நியாய சன்ஹிதாவின் 356ஆம் பிரிவு வெளியிடுபவரையும் பிடிக்கும். இரண்டு ஆண்டு வரை சிறைக்கு இடமுண்டு. கூட்ட நெரிசலில் செல்போன் கோபுரம் திணறி நேரலை அறுந்து அறுந்து போவது இன்னொரு தொல்லை. அரை மணிக்கு ஒருமுறை சரிபார்த்த இரண்டு நிமிடத் துண்டு ஒன்றை மேசையிலிருப்பவர் வெளியிட்டால் போதும். வேறு வேறு நிறுவனத்தின் இரண்டு சிம் வைத்திருங்கள். நேரலை போட்டே தீர வேண்டும் என்றால் யூடியூபில் போன்வழி நேரலைக்குக் குறைந்தது 50 சந்தாதாரர்கள் வேண்டும் என்பதையும், முதல்முறை வசதியை இயக்க 24 மணி நேரம் வரை ஆகலாம் என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள். டிரோன் வேண்டாம். நகருக்குள் அதற்கான அனுமதிகளைப் பெறுவது உங்கள் அளவுக்கு நடைமுறையில் இல்லை.

இனி போலீஸ். பணியில் இருக்கும் காவலரைப் பொது இடத்தில் படம் எடுப்பதையே குற்றமாக்கும் சட்டம் இல்லை. அவர் வேலைக்குக் குறுக்கே நிற்பது குற்றம். எனவே கையெட்டும் தூரத்துக்குப் போகாதீர்கள். 'தள்ளிப் போ' என்றால் பத்தடி தள்ளி நின்று பதிவைத் தொடருங்கள், அங்கே சட்டம் பேசாதீர்கள். கலைந்து போகும்படி ஒலிபெருக்கியில் அறிவித்தால் அந்த அறிவிப்பை நேரத்தோடு பதிவு செய்துவிட்டு உடனே நடைபாதைக்கோ சாலையின் எதிர்ப் பக்கத்துக்கோ போய்விடுங்கள். அதற்குப் பிறகு நடுவில் நிற்பவர் எல்லாரும் சட்டவிரோதக் கூட்டத்தின் ஆட்களாகவே கருதப்படுவார்கள்.

நம் ஊரில் பெரும்பாலும் நடப்பது, எல்லாரையும் வேனில் ஏற்றி ஒரு கல்யாண மண்டபத்திலோ சமூகக் கூடத்திலோ வைத்து மாலையில் பெயர், முகவரி எழுதிக்கொண்டு விடுவது. உங்களையும் ஏற்றினால் எதிர்க்காமல் ஏறி, பதிவு செய்ய வந்தவர் என்பதை அதிகாரியிடம் தெளிவாக ஒருமுறை சொல்லுங்கள். முறையான கைது என்றால் காரணத்தைச் சொல்ல வேண்டும், உறவினர் ஒருவருக்குத் தகவல் தர வேண்டும், 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன் நிறுத்த வேண்டும். அசாதாரணச் சூழ்நிலை தவிர, சூரியன் மறைந்த பின் பெண்களைக் கைது செய்யக் கூடாது. படிக்காத காகிதத்தில் கையெழுத்துப் போடாதீர்கள்.

போனைக் கேட்டால்? அந்த இடத்திலேயே வீடியோவை அழிக்கச் சொல்லும் அதிகாரம் யாருக்கும் சட்டத்தில் தரப்படவில்லை. வழக்குக்குத் தேவை என்று கைப்பற்றலாம். அப்போது மகஜர், அதாவது கைப்பற்றியதற்கான பதிவு, எழுதி நகல் தர வேண்டும். குற்ற நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 105ஆம் பிரிவின்படி கைப்பற்றுவதை ஒலி, ஒளிப்பதிவும் செய்ய வேண்டும். ஒவ்வொரு போனுக்கும் தனியாக உள்ள ஐஎம்இஐ எண்ணை, *#06# அழுத்தினால் வருவதை, முன்பே வீட்டில் எழுதி வையுங்கள். மகஜரில் அதே எண் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். கைரேகை, முகப் பூட்டு இரண்டையும் அன்று அணைத்துவிட்டு ஆறு இலக்கத்துக்குக் குறையாத எண் பூட்டு வையுங்கள். தனிப்பட்ட புகைப்படங்களும் குடும்ப வாட்ஸ்அப் குழுக்களும் இல்லாத பழைய போன் ஒன்றை இதற்கென்று ஒதுக்குவது இன்னும் மேல். வலுக்கட்டாயமாக அழிக்க வைத்தால் பதற்றம் வேண்டாம். பல போன்களில் அழித்தவை குப்பைப் பெட்டியில் 30 நாள் வரை இருக்கும். உடனே புதிதாக எதையும் பதிவு செய்யாமல் போனை அணைத்துவிட்டு வீட்டுக்கு வாருங்கள்.

வந்த இரவே மூலக் கோப்புகளை இரண்டு இடத்தில் நகலெடுத்து, ஒவ்வொன்றுக்கும் எஸ்எச்ஏ-256 ஹாஷ் எண் (கோப்பில் சிறிது மாறினாலும் தானும் மாறிவிடும் அடையாள எண்) எடுத்துக் குறித்து வையுங்கள். கணினியில் இலவசக் கருவிகள் இருக்கின்றன. நீதிமன்றத்தில் மின்னணுச் சான்றுக்குப் சாட்சியச் சட்டமான பாரதிய சாக்ஷிய அதிநியம் 63ஆம் பிரிவின் சான்றிதழ் வேண்டும், அதில் ஹாஷ் எண் கேட்கப்படுகிறது. சாதாரணமாக வாட்ஸ்அப்பில் வீடியோவாக அனுப்பினால் அது சுருங்கி வேறு கோப்பாகிவிடும், எண் பொருந்தாது. ஆவணமாக அனுப்பினால் மாறாது. வெட்டி ஒட்டும் வேலையை எப்போதும் நகலில் மட்டும் செய்யுங்கள்.

வழக்கு வருமா என்கிறீர்கள். உத்தரவாதம் தர யாராலும் முடியாது, ஆனால் எங்கிருந்து வரும் என்று சொல்லலாம். 1950இல் ரொமேஷ் தாப்பர் வழக்கில், அன்றைய சென்னை மாகாண அரசு 'கிராஸ் ரோட்ஸ்' இதழுக்கு விதித்த தடையை உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது. அடுத்த ஆண்டே முதல் திருத்தம் வந்து, கருத்துரிமைக்கான வரம்புகளைச் சொல்லும் 19(2) பிரிவில் 'பொது ஒழுங்கு' சேர்ந்தது. இன்றைக்கும் ஆர்ப்பாட்டச் செய்திகள் மீது வரும் வழக்குகள் பெரும்பாலும் அந்தச் சொல்லைச் சுற்றியே இருக்கின்றன: பாரதிய நியாய சன்ஹிதாவில் பிரிவினரிடையே பகை வளர்த்தல் என்று 196, பொதுக் குழப்பம் விளைவிக்கும் செய்தி என்று 353. இம்ரான் பிரதாப்கரி வழக்கில் 2025 மார்ச் 28 அன்று உச்ச நீதிமன்றம் இரண்டு பயனுள்ள விஷயங்களைச் சொன்னது. சொற்களின் விளைவை உறுதியான, துணிவுள்ள மனிதரின் பார்வையில் எடைபோட வேண்டும். எதற்கும் அஞ்சிப் பதறுபவரின் பார்வையில் அல்ல. மூன்று ஆண்டு அல்லது அதற்கு மேல், ஆனால் ஏழு ஆண்டுக்குக் குறைவான தண்டனைக்குரிய இத்தகைய கருத்துக் குற்றப் புகார்களில், எஃப்ஐஆர் போடும் முன் நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 173(3) பிரிவின்படி முதற்கட்ட விசாரணை நடத்துவது பொருத்தம். உங்கள் வழக்கறிஞர் கையில் இந்தத் தீர்ப்பு இருக்கட்டும். இணையத்தில் புண்படுத்தும் செய்தி அனுப்புவதைக் குற்றமாக்கிய, தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66ஏ பிரிவைக் காட்டி யாராவது மிரட்டினால், அது 2015 மார்ச் 24 அன்றே ரத்தாகிவிட்டது என்று எழுத்தில் பதில் சொல்லுங்கள்.

உங்களைக் காப்பது பெரும்பாலும் உங்கள் வாக்கிய அமைப்புதான். 'ஊழல் அதிகாரி' என்று தலைப்பிடுவதற்கும், 'அதிகாரி மீது பேச்சாளர் ஊழல் குற்றச்சாட்டு' என்று தலைப்பிட்டு அவர் தரப்பைக் கேட்டுச் சேர்ப்பதற்கும் உள்ள தூரம், நீதிமன்றத்தில் மிகப் பெரியது. பழைய கலவரப் படத்தை முகப்புப் படமாக ஒட்டாதீர்கள். சம்மன் வந்தால் நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் எந்தப் பிரிவு என்று பாருங்கள். 179 என்றால் சாட்சி, 35(3) என்றால் சந்தேகத்துக்குரியவர், 94 என்றால் ஆவணமோ கருவியோ கேட்கிறார்கள். மூன்றுக்கும் பதில் வேறு. எதுவானாலும் வந்த பிறகு கோப்புகளை அழிக்காதீர்கள், அது தனிக் குற்றம்.

ஆசிரியர் நண்பரை அன்று அனுப்ப வேண்டாம். ஆர்ப்பாட்டம் எதிலும் கலந்துகொள்ளக் கூடாது என்று அரசு ஊழியர்களுக்குப் பொத்தாம்பொதுவாகப் போட்ட தடை செல்லாது என்று 1962இல் காமேஷ்வர் பிரசாத் வழக்கில் தீர்ப்பு இருக்கிறது. ஆனாலும் தமிழ்நாடு அரசு ஊழியர் நடத்தை விதிகள், 1973 நடைமுறையில் உள்ளன. மெமோ, விளக்கம், ஊதிய உயர்வு நிறுத்தம் என்று தொடங்கினால், தீர்ப்பைக் காட்டி மீண்டு வர வருடங்கள் ஆகும். சேனல் அவர் பெயரில் இருந்தால் அதற்குத் துறையின் முன் அனுமதி பெறுவதைப் பற்றி இப்போதே அவர் விசாரிக்கட்டும். மேசை வேலைக்கு வேறொருவரைத் தேடிக்கொள்ளுங்கள்.

ஏற்பாட்டாளர்களுக்கு முன்கூட்டியே காட்டச் சம்மதிக்காதீர்கள். இதில் எனக்குத் தயக்கமே இல்லை. அவர்கள் நல்லவர்கள் என்பதும், கோரிக்கை நியாயமானது என்பதும் இதை மாற்றாது. ஒருவர் மேடையில் தடுமாறிப் பேசியதை எடுத்துவிடச் சொல்வார்கள், காலி நாற்காலி தெரியும் காட்சியை நீக்கச் சொல்வார்கள். நீங்கள் நீக்கினால் அது அவர்களுடைய விளம்பரப் படம். அதற்குப் பதில் மூன்று விஷயங்களை ஒப்புக்கொள்ளலாம்: பெயர், பதவி, தேதி ஆகியவற்றைச் சரிபார்க்க அவர்களிடம் படித்துக் காட்டுவது, முகம் தெரியக் கூடாதவர்களின் பட்டியலை அவர்களிடமிருந்து வாங்குவது, பிழை சுட்டிக்காட்டினால் தேதி, நேரம் போட்டு வெளிப்படையாகத் திருத்துவது. இதை இந்த வாரமே ஒரு மின்னஞ்சலில் எழுதி அனுப்பிவிடுங்கள். அன்று காலை மேடைக்குப் பின்னால் வைத்துப் பேசினால் மனஸ்தாபம்தான் மிஞ்சும்.